கொடியும் குறியும்

கடலைக் கண்ணாற் காணாமலே பதினேழு ஆண்டு வளர்ந்த ஒருவன் கடற்கொடிகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். என் ஊர் பேரணாம்பட்டு. ஆந்திர எல்லையைத் தொட்டு நிற்கும் குன்றுகளும், கோடையில் மணலன்றி வேறொன்றும் காட்டாத ஆறும், காற்று எத்திசையினின்று வீசினும் மூக்கை விட்டகலாத தோற்கிடங்கின் வாடையுமே அவ்வூரின் அடையாளங்கள். அலையோசை கேட்டவர் எங்கள் தெருவில் ஒருவர் இருவரே. எனினும் எங்கள் பிழைப்பு முழுவதும் கடலை நம்பியே நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிற் பதனிடப்பட்ட தோல், சென்னை பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. நாங்கள் காணாத கடலை எங்கள் கைபட்ட தோல் கண்டு வந்தது.

என் தந்தையாரை நாங்கள் நைனா என்றழைப்போம். அவர் ஒரு தோற்கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, சவ்வு சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும், பின்னாளில் வாட்டில் பட்டைச் சாற்றிலும் பலநாட் கிடத்தி, கடுக்காய் நீரில் நிறமேற்றி, எண்ணெய் தடவி, நிழலில் உலர்த்திய பிறகு தோலைத் தரம் பிரிப்பார்கள். உண்ணி கடித்த துளை, உரித்தவன் கத்தி பட்ட காயம், மாட்டுக்காரன் தன் மாடென்று அறியவேண்டிச் சூடு போட்ட தழும்பு, இவையெல்லாம் தோலின் தரத்தைக் குறைப்பவை. முதற்றரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று பிரித்தவற்றைத் தனித்தனியே கட்டிச் சாக்கிலிட்டுத் தைத்த பின்னர், எழுத்து வெட்டிய தகடொன்றை அச்சாக்கின்மேல் வைத்து, மைதொட்ட தூரிகையால் தடவுவார் நைனா. தகட்டை எடுத்ததும் ஒரு வட்டமும், அதனுள் இரண்டு எழுத்தும், கீழே தரத்தின் எண்ணும் கறுப்பாய்ப் பளிச்சென்று தோன்றும். இதற்கு மார்க்கா என்று பெயர். லண்டன் மாநகரில் எங்கள் பக்கத்துத் தோல் ஏலமிடப்பட்ட காலத்தில், இன்ன மார்க்கா என்றால் இன்ன தரம் என்று வாங்குவோர் அறிந்திருந்தனர். மார்க்காவே அங்கு எங்கள் முகம். அதுவே எங்கள் வாக்குறுதி.

அத்தகட்டை இருபது ஆண்டுகளாக நைனாவே வைத்திருந்தார். மாலையில் மை துடைத்து, பழந்துணியிற் சுற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்து மாடத்தில் வைப்பார். முதலாளியான சாயபு அதைத் தம்மிடம் ஒப்படைத்திருந்தது அவருக்குப் பெருமை. கூலி உயர்ந்ததைப் பற்றிக் கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

1970ஆம் ஆண்டு, யான் கலாசாலையிற் சேர்வதற்கு முன்னிருந்த விடுமுறையில், கணக்கெழுதவும் மார்க்கா போடவும் நைனாவுக்கு உதவியாகக் கிடங்குக்குப் போய்வந்தேன். ஒரு நாள் மாலை நைனா வேறிடம் போயிருந்தார். ஊரிற் கூத்து நடந்தது. எனக்கு அங்கே போகவேண்டும் என்ற அவசரம். இன்னும் ஐந்து கட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தரத்தின் எண்ணை மாற்றி மாற்றி வைக்கச் சோம்பி, ஐந்தின்மேலும் முதற்றரத்தின் எண்ணையே தடவிவிட்டுப் போய்விட்டேன். அவற்றுள் இரண்டு மூன்றாந்தரம் என்பதை அறிந்தே செய்தேன் என்பதை இன்று ஒளிக்காமற் கூறுகின்றேன். சீமையில் எவன் கண்டான் என்பதே அன்று என் எண்ணம்.

நள்ளிரவில் வீடு திரும்பியபொழுது நைனா விழித்திருந்தார். "தம்பி, என்னோடு வா" என்று மட்டும் சொல்லி, அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். அங்கே அவ்விரண்டு கட்டுகளின் தையலும் பிரிக்கப்பட்டுக் கிடந்தன.

"இந்த மார்க்காவுக்கு வாய் இல்லை, தம்பி. சீமைக்குப் போன பிறகு அது தானே எழுந்து நின்று பேசாது. அங்கே ஒருவன் இதைப் பிரித்துப் பார்த்து, யாரடா இதைப் போட்டவன் என்று கேட்டால், இங்கே நான் இருக்கிறேன் என்பதுதான் இதற்கு அர்த்தம்" என்றார். அடிக்கவில்லை, உரத்தும் பேசவில்லை. சாக்கைத் திருப்பி மறுபுறம் தைத்து, மூன்று என்னும் எண்ணை என் கையாலேயே போடச் செய்தார்.

மறுநாட் காலை அவர் தாமாகவே முதலாளியிடம் சென்று நடந்ததைச் சொல்லிவிட்டார். முதலாளி கடிந்து ஒன்றும் கூறவில்லை. ஆயினும் அன்று மாலை தகட்டை வாங்கித் தம் அறையிற் பூட்டி வைத்துக்கொண்டார்; மறுநாளும் அப்படியே செய்தார். இருபது ஆண்டு எங்கள் மாடத்திலிருந்த தகடு அதன் பின்னர் வீட்டுக்கு வரவில்லை. நைனா இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த மாடத்தில் ஒரு சிமினி விளக்கை எடுத்து வைத்துவிட்டார், அவ்வளவே.

இதன்பின் சில மாதங் கழித்து நைனா சரக்கோடு சென்னைக்குச் சென்றபொழுது என்னையும் அழைத்துச் சென்றார். பெரியமேட்டில் வேலை முடிந்ததும், மண்டிக்குப் பழக்கமான துறைமுகக் கணக்கர் ஒருவர் எங்களை உள்ளே கூட்டிச்சென்று கப்பல்களைக் காட்டினார். கடலை யான் முதன்முதற் கண்டது அன்றுதான். ஆனால் என் கண் பெருங்கப்பல்களின்மேற் செல்லவில்லை. அவற்றின் நிழலில், வெண்பாய் விரித்த சிறு படகுகள் மூன்று நான்கு, வண்ணத்துப்பூச்சிகளைப் போலத் திரும்பித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் பாய்மர உச்சியில் முக்கோண வடிவமான சிறு கொடியொன்று துடித்தது.

"அண்ணே, அதுவும் ஒரு மார்க்காவா?" என்று நைனா அக்கணக்கரைக் கேட்டார்.

அவர் சிரித்து, "அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று ஒரு படகு மன்றம் இங்கே இருக்கிறது. அதன் அங்கத்தினர் படகில் இருந்தால்தான் அந்தக் கொடியை ஏற்றலாம். அவர் இல்லாமல் வேறொருவர் ஓட்டினால் ஏற்றக்கூடாது" என்றார்.

நைனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யான் அவர் முகத்தை ஏறிட்டு நோக்கியிருக்க மாட்டேன்.

அம்மன்றத்தின் வரலாற்றைப் பின்னர் அறிந்தேன். சென்னைத் துறைமுகச் சபையின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் 1911இல் அதை நிறுவினார். மறு ஆண்டு, 1912 மார்ச்சு மாதத்தில், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அத்துறைமுக அலுவலகத்திற் கணக்கராய் அமர்ந்த இராமாநுஜன் என்னும் இளைஞரின் கணித மேதையை உணர்ந்து ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் பெயரால் அமைந்த ஸ்பிரிங்ஹேவன் துறையிலேதான் அம்மன்றத்தின் படகுகள் நிற்கின்றன.

கலாசாலையிற் சேர்ந்தபின், நூல்நிலையத்தின் மேற்றட்டில் தூசி படிந்து கிடந்த பழைய ஆங்கில நூலொன்று என் கைக்கு வந்தது. உலகத்துக் கொடிகளை வண்ணப் படங்களாக அச்சிட்ட நூல் அது. அதைப் புரட்டிய பொழுதுதான் படகு மன்றங்களின் கொடிகளுக்கென்று தனியே ஓர் இலக்கணம் உண்டென்பதை அறிந்தேன். அயர்லாந்து தேசத்துக் கார்க் துறையில் 1720இல் தொடங்கிய சங்கமே இவ்வகை மன்றங்களுக்கெல்லாம் மூத்தது என்பர். மன்றத்தின் சொந்தக் கொடி முக்கோண வடிவானது; பாய்மர உச்சியில் ஏறுவது. தேசத்தைக் குறிக்கும் கொடி வேறு. அது படகின் பின்புறத்தில் நிற்பது. காலையில் ஏறி மாலையில் இறங்குவது. மன்றத் தலைவரின் கொடி தகைவிலான் குருவியின் வாலைப்போல நுனி பிளந்தது. துணைத் தலைவரின் கொடியில் அதனோடு ஒரு வட்டப்பொட்டு மிகும். அவருக்கும் அடுத்தவர்க்கு இரண்டு பொட்டு. வேற்று நாட்டுத் துறைக்குள் நுழையும் படகு, நோயில்லை என்று அதிகாரிகள் அனுமதி தரும்வரை மஞ்சட்கொடி காட்டி நிற்கவேண்டும். அனுமதி கிடைத்தபின், வலப்புறக் கயிற்றில் அந்நாட்டுக் கொடியை மரியாதைக்காக ஏற்றவேண்டும். விருந்தாய் வந்த படகினர் தம் மன்றக் கொடியொன்றைக் கொடுத்து, அவ்விடத்துக் கொடியொன்றைப் பெற்றுச் செல்வதும், அப்படி வந்த கொடிகளை மன்றத்துச் சுவரில் வரிசையாக மாட்டி வைப்பதும் வழக்கம்.

அரசரின் அனுமதி பெற்ற மன்றமே ராயல் என்னும் அடைமொழியைச் சூடலாம். 1829 முதல் இங்கிலாந்தின் ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்னும் மன்றத்தார் கடற்படைக்கே உரிய வெண்கொடியை ஏற்றும் சலுகை பெற்றனர். வேறு பல மன்றங்களுக்கு நீலக்கொடியில் தத்தம் சின்னத்தைப் பதித்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. இச்சலுகையும் படகுதோறும் தனித்தனியே சீட்டுப் பெற்றே செல்லும். மன்றத்தின் முக்கோணக் கொடி மேலே இல்லையேல் நீலக்கொடியும் ஏறலாகாது. ஆங்கிலக் கொடி பறந்த துறைகளிலெல்லாம் இவ்வழக்கமும் உடன் சென்றது. பம்பாயில் 1846இல் ஒரு மன்றம் எழுந்தது. மேற்கே, கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் துறையில் ராயல் ஜமைக்கா யாட் கிளப் 1884இல் தோன்றியது.

அத்தீவுகளின் சின்னங்களில் என் மனம் தனியே சென்று படிந்தது. ஜமைக்காவின் முத்திரையில் தலைப்பாகத்தில் ஒரு முதலை படுத்திருக்கும். டிரினிடாட்டின் முத்திரையில் தேன்சிட்டுகள் இரண்டும், கொலம்பஸின் மூன்று கப்பல்களும் உண்டு. வர்ஜின் தீவுகளின் முத்திரையில் ஒரு கன்னிகையும் பன்னிரண்டு விளக்குகளும். 1966இல் விடுதலை பெற்ற பார்படோஸ் தன் கொடியிற் பொறித்தது, கடற்றெய்வத்தின் திரிசூலத்தை. அதன் காம்பு முறிந்திருக்கும். பழைய ஆட்சியோடு தொடர்பு அறுந்தது என்பது அதன் பொருள். எலுமிச்சம்பழம் போலச் சிறிய தீவுகளுக்கும் இப்படி ஒவ்வொரு முகம் இருந்தது. அவற்றின் துறைகளிற் களிப்புக்காகப் பாய் விரித்த துரைமக்களுக்கு, தீவின் கொடியோடு மன்றத்தின் கொடி, அதனோடு அரசரளித்த சலுகைக் கொடி என்று ஒன்றுக்கு மூன்றாய்ப் பெயர் சொல்லும் துணிகள் இருந்தன.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது, நைனாவின் தாயாரான என் ஆயாவுக்கு இப்படங்களைப் பற்றிக் கதைபோலச் சொன்னேன். தீவெல்லாம் கரும்புத் தோட்டம் என்று யான் கூறியதும் வெற்றிலை இடித்த கை நின்றது.

"கரும்புச் சீமையா? எங்கள் பாட்டனாரின் தம்பி அங்கேதான் போனாராம், கண்ணு. தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு ஆள் பிடிக்கிறவனோடு போனவர். போனவர் போனவர்தான். ஒரு கடிதாசும் இல்லை. அவர் தாயார் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்து முடிந்துவைத்த காசு இது. பிள்ளை திரும்பி வந்தால் கொண்டுபோய்ச் செலுத்தவேண்டும் என்று இருந்தாளாம். வரவில்லை, காசும் போகவில்லை" என்று, தன் தகரப்பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் மங்கிய துணிமுடிச்சு ஒன்றை எடுத்துக் காட்டினாள். எந்தத் தீவு என்று கேட்டேன். "கப்பல் போன இடம்" என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் இஸ்லாமியர் அல்லோம். ஆயினும் கடல் கடந்தவர்க்காக நாகூர் ஆண்டவரை நேர்ந்துகொள்வது தமிழ்நாட்டில் எச்சமயத்தாருக்கும் பழைய வழக்கம். உடைந்த கப்பலைக் காத்தவர் என்று அப்பெரியாரைப் பற்றிக் கூறுவர். நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாய் வரும் கொடி நாகூர் தர்காவின் மினாராக்களில் ஏறும் நாள் கந்தூரி விழாவின் தொடக்கம். அவற்றுள் உயர்ந்ததைக் கட்டித் தந்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர். வாணிபத்துக்குக் கடல் கடந்த தமிழ் இஸ்லாமியர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதே பெயரால் நினைவிடங்கள் எழுப்பினர்.

துணிமுடிச்சைக் கண்ட நாள்தொட்டு, கொடிநூலில் யான் கண்ட தீவுகள் வெறும் படமாக இல்லை. பின்னர் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். 1838 முதல் 1917 வரை கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 பேரும், 1845 முதல் டிரினிடாட்டுக்கு ஏறத்தாழ 1,44,000 பேரும், ஜமைக்காவுக்கு ஏறத்தாழ 36,000 பேரும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுட் பெரும்பாலோர் வடநாட்டினர். சென்னையிற் கப்பலேறியவரும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக், குவாதலூப் என்னும் தீவுகளுக்கோ புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து சென்றவர் மிகுதி. ஆதலின் அங்கே தமிழரே பெருந்தொகையினர். 1854 டிசம்பர் மாதத்தில் ஓரேலி என்னும் கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்ட இந்தியரைக் குவாதலூப்பின் புவான்த்-ஆ-பித்ர் துறையில் இறக்கியது. 1889 வரை அத்தீவுக்கு மட்டும் சென்றவர் தொகை ஏறத்தாழ 42,000.

ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியோர்க்கு எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்திற் கட்டிவிடும் வழக்கம் இருந்தது என்று ஒரு நூலிற் படித்த அன்று, புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். கட்டின்மேல் எண் போடுவதை அறிந்த கை என் கை. நைனா சாக்கின்மேற் போட்ட குறி, போட்டவன் பொறுப்பேற்கும் குறி. மாட்டின் தோலிலுள்ள சூட்டுத் தழும்போ, உடையவன் தன் சொத்தென்று காட்ட இட்ட குறி. அதைப் பற்றி மாட்டை எவரும் கேட்டதில்லை. எங்கள் பாட்டனாரின் தம்பிக்குக் கழுத்திலிருந்தது இரண்டாவது வகை. அவர் இறங்கிய துறையிலே, அதே காற்றிற் பாய்விரித்து, அதே நீரில், தம் பெயர் சொல்லும் கொடியோடு ஓடிய உல்லாசப் படகுகளை அவர் கண்டிருப்பாரோ? கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

ஆனால் எண் கட்டப்பட்ட அம்மக்கள் கொடியில்லாமல் இருந்துவிடவில்லை என்பதை அறிந்தபொழுது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் அடக்க முடியாது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தமிழர் வழியினர் மாரியம்மனுக்குப் பூசை செய்யும் இடங்களில் நாகூர் மீராவுக்கென்று ஒரு கொடிமரம் நாட்டுவர். ஓங்கிய கம்பத்தைக் கயிறு கட்டி நிறுத்தி, உச்சியிற் கொடியேற்றி வணங்குவர். வணங்குவோர் இந்துக்கள், வணங்கப்படுபவர் இஸ்லாமியப் பெரியார், இடமோ கிறிஸ்தவத் தீவு. தமிழ்ப்பேச்சு தேய்ந்து மறைந்த வீடுகளிலும் நாகூர் மீராவின் பெயர் உருமாறி நிலைத்திருக்கிறது. கடலிற் காத்துக் கரைசேர்த்தவர் என்பதே அவர்கள் அவருக்குக் கூறும் பெருமை. அக்கம்பத்தைப் பாய்மரமென்றே கொள்ளத் தோன்றுகிறது எனக்கு. அரசரின் சீட்டு அதற்கு இல்லை. மன்றத்தின் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை. ஆனால் ஏற்றியவர் அதனடியில் நிற்கின்றார்; எனவே அது முறைப்படி ஏறிய கொடியே.

கொடி ஏற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. குவாதலூப்பின் காப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். பெயரே அவர் வழியைச் சொல்லும். அத்தீவிற் பிறந்த இந்தியர் மக்களைப் பிரெஞ்சுக் குடிகளாகக் கருதலாகாது, அவர்க்கு வாக்குரிமை இல்லை என்ற வழக்கை எதிர்த்து 1904இல் அவர் எழுந்தார். அவ்வழக்கு 1923 வரை நீண்டு, அவர் பக்கம் வெற்றியாய் முடிந்தது. எந்தக் கொடியின்கீழ்ப் பிறந்தோமோ அந்தக் கொடி எங்களுக்கும் உரியது என்பதே அவர் வாதத்தின் சாரம். பத்தொன்பது ஆண்டு ஒரு மனிதர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே நின்றார்.

ஓரேலி கப்பல் வந்து நின்ற அதே துறைக்குத்தான் இன்று, நான்காண்டுக்கு ஒருமுறை, பிரான்சின் சேன்-மாலோவிலிருந்து ஒருவரே ஓட்டிவரும் பாய்ப்படகுகள் பந்தயமிட்டு வந்து சேர்கின்றன. 1978இல் இப்பந்தயம் முதன்முதல் நடந்தபொழுது, பெருங்கடலைக் கடந்து வந்த முதற்படகுக்கும் இரண்டாம் படகுக்கும் இடையே இருந்த இடைவெளி 98 வினாடிகளே. அத்துறையிற் பலவண்ணக் கொடிகள் கூடும் நாளில், ஊருக்குள் ஒரு கோயில் முற்றத்து நாகூர் மீராவின் கொடியும் அதே காற்றில் ஆடுமன்றோ?

எங்கள் பக்கத்துச் செய்தியையும் சொல்லி முடிக்கவேண்டும். 1973இல் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசினர் கட்டுப்பாடு விதித்து, முடித்த தோலும் செருப்பும் இங்கேயே ஆகட்டும் என்ற கொள்கையை வகுத்தனர். கொள்கை நன்மைக்கே, ஆனால் எங்கள் கிடங்கின் பழைய கட்டுகளுக்கு வேலை குறைந்தது. ஒருநாள் முதலாளி நைனாவை அழைத்து, "இது இனி உன்னிடமே இருக்கட்டும்" என்று தகட்டைக் கையிற் கொடுத்தார். நைனா அதை வாங்கி வந்து, மை துடைத்து, பழந்துணியிற் சுற்றி, சிமினி விளக்கை நகர்த்திவிட்டு மாடத்தில் வைத்தார். பயன்பட்ட நாளில் என்னாற் பறிபோனது, பயனற்ற நாளில் அவருக்குத் திரும்பியது. அவர் காலமான பின் அது என் மேசைமேல் இருக்கிறது.

படகு மன்றங்களும் பழையன அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே திறந்திருந்த கதவுகள் இன்று நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்ப்படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாய், 2021இல் நடந்த டோக்கியோப் போட்டியிற் கலந்துகொண்டார். அதே போட்டியில் ஓடிய விஷ்ணு சரவணன் பிறந்த ஊர், கடலைக் காணாத நம் வேலூர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் பாயில் இந்தியாவின் கொடி பொறித்திருந்ததைப் படத்திற் கண்டபொழுது நைனாவை நினைத்துக்கொண்டேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் யான் நாகூருக்குச் சென்றேன். கொடியூர்வலம் வந்த இரவு அது. கப்பல் வடிவாக அலங்கரித்த ரதங்கள் விளக்கொளியில் மிதப்பனபோல் வந்தன. ஆயாவின் துணிமுடிச்சு என் சட்டைப்பையில் இருந்தது. பிள்ளை திரும்பி வந்தால் என்பது நேர்ச்சை, பிள்ளை திரும்பவில்லை. இக்காசைச் செலுத்த எனக்கு உரிமை உண்டா என்று நெடுநேரம் கூட்டத்தில் நின்று தயங்கினேன். பிறகு கொடி மேலே ஏறியதைக் கண்டேன். கரும்புச் சீமையிலும் இதே பெயரால் ஒரு கொடி ஏறுகிறது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வராதவர்கள் அங்கே கரைசேர்ந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு கடிதாசு எதற்கு? முடிச்சை அவிழ்க்காமலே உண்டியலில் இட்டேன். அது விழுந்த ஓசை அக்கூட்டத்தின் ஆரவாரத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இச்சஞ்சிகையின் அட்டைமேல் நம் கலாசாலையின் சின்னம் இருக்கிறது. படித்து வெளியேறும் மாணவ நண்பர்களே, உங்கள் பட்டச் சான்றிதழிலும் அது போன்ற ஒரு முத்திரை இருக்கும். நீங்கள் போய்ச்சேரும் தொலைவான இடங்களில் அதைப் பார்ப்பவர்கள் உங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்பொழுது உள்ளே இருப்பது மேலே எழுதிய தரமாகவே இருக்கட்டும். ஒரு மாலைப்பொழுதின் சோம்பலால் இருபது ஆண்டு நம்பிக்கையைத் தன் தந்தையிடமிருந்து பறித்த ஒருவன் இதைச் சொல்கிறான் என்பதற்காகவேனும் நினைவில் வையுங்கள்.